சேர்ந்தவர் எத்தனை? முடித்தவர் எத்தனை?

ஆரியசாலையிலும் சாலைக் கம்போளத்திலும் இந்த மாதம் எந்தக் கடை வாசலில் நின்றாலும் ஒரே பேச்சுத்தான். யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, அலாட்மென்ட் வந்துவிட்டதா, என்ன பாடம், எவ்வளவு பீஸ்? கேட்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. இதே வீதியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனை மறுநாளே மாமா கடையில் தராசுக்குப் பின்னால் நிறுத்திவிடும் வழக்கம் இருந்தது. நம்மில் பலர் அப்படி நிறுத்தப்பட்டவர்கள்தான். இன்று பிள்ளைகள் கல்லூரி வாசல்வரை போகிறார்கள் என்றால் அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் வேறொரு கேள்வி கேட்கப் போகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதத்தில், இதே சந்தோஷத்தோடு சேர்ந்தார்களே, அவர்களில் எத்தனை பேர் கையில் இன்று பட்டம் இருக்கிறது? கேட்டவுடன் குரல் தாழ்கிறது. "ரெண்டு பேப்பர் நிக்குது." "சப்ளிமென்டரி எழுதணும்." "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடையைப் பாத்துக்கிடுறான்." "அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே." பட்டமளிப்பு விழா அங்கியோடு போட்டோ மாட்டிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். இனிப்புக் கொடுத்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மாதத் தலையங்கம்.

பாதிப் படிப்பும் படிப்புத்தானே, அறிவு வீணாகுமா என்று சில பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அறிவு வீணாகாது, சம்பளம் வீணாகும். நமக்குத் தெரிந்த இலாகாவிலிருந்தே கணக்குச் சொல்கிறோம். 2024 இல் ரெயில்வே தேர்வு வாரியம் வெளியிட்ட அறிவிப்புகளில் பிளஸ் டூ தகுதிக்கு ஜூனியர் கிளார்க் வேலை, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். பட்டதாரிக்கு சீனியர் கிளார்க் வேலை, ஆரம்பம் 29,200 ரூபாய். ஒரே ஆபீஸ், ஒரே மாதிரி மேஜை, மாதம் 9,300 ரூபாய் அடிப்படையிலேயே வித்தியாசம். மூன்று வருடம் கல்லூரிக்குப் போய், ஆங்கிலத்தில் ஒரு தாள் மட்டும் நின்றுபோனவன் இதில் எந்தப் பக்கம்? பிளஸ் டூ பக்கம். முக்கால் பட்டதாரி என்று ஒரு தகுதி எந்த அறிவிப்பிலும் கிடையாது. மூன்று வருட பீஸ், பஸ் கட்டணம், அந்த மூன்று வருடம் சம்பாதிக்காமல் விட்ட கூலி இவ்வளவும் போட்ட குடும்பம், எதுவுமே போடாத குடும்பத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

சர்க்காரின் புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2021-22 ஆம் ஆண்டுக்கு, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47, கேரளத்தில் 41.3, இந்தியா முழுவதற்கும் 28.4. இரண்டு மாநிலமும் தேசத்துக்கு முன்னால் நிற்கின்றன. இரண்டு முதலமைச்சர்களும் மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் இது சேர்ந்தவர்களின் விகிதம். அதே கணக்கெடுப்பில் ஆண் பெண் கட்டம் உண்டு, பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் கட்டம் உண்டு, மதச் சிறுபான்மைக்கும் கட்டம் உண்டு. தாய்மொழிக்குக் கட்டம் இல்லை. கேரளத்தில் 2001 சனத்தொகைக் கணக்கில் ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 2011 கணக்கில் ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமாகவும் இருந்த தமிழர்கள், கல்லூரிக் கணக்கில் மலையாளிகளோடு கலந்து மறைந்துபோகிறார்கள். 41.3 என்ற எண்ணில் நம் பங்கு என்ன என்று கேட்டால் பதில் சொல்ல அதில் வழி இல்லை.

நாம் என்று சொல்வதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வலியசாலை, கரமனை அக்கிரகாரங்களில் பட்டம் என்பது பல தலைமுறைச் சொத்து. அவர்கள் பிள்ளைகள் பட்டம் முடிப்பார்களா என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த வியாபாரக் குடும்பங்கள் இன்னொரு படி. சுமை தூக்கும் தொழிலாளி, பூக்கட்டும் பெண், இஸ்திரிக்காரர், துப்புரவுத் தொழிலாளி இவர்கள் வீட்டில் இன்றும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைதான் குடும்பத்தின் முதல் பிள்ளை. வீட்டில் ஹால் டிக்கெட் என்றால் என்ன, ரீவேல்யுவேஷனுக்கு எத்தனை நாளைக்குள் பணம் கட்ட வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாத பிள்ளை. நாம் எழுதுவது இவர்களுக்காக.

இந்தப் பிள்ளை எங்கே விழுகிறது? முதல் பள்ளம் மொழி. இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படிக்க அரசுப் பள்ளி உண்டு, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கல்லூரியில் பாடப் புத்தகம் ஆங்கிலத்தில், ஆசிரியர் விளக்குவது மலையாளத்தில், பரீட்சை மறுபடியும் ஆங்கிலத்தில். கடைத்தெரு மலையாளம் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விலை பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சினிமா வசனம் சொல்வார்கள். ஆனால் பொருளாதாரப் பேராசிரியர் கரும்பலகையில் மலையாள எழுத்தில் குறிப்பு எழுதினால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது மூளைக் குறைவு அல்ல. அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு 1956 இல் சேர்க்கப்பட்டபோது, தாய்மொழியில் கற்பிக்கும் வசதி ஆரம்பக் கல்விக்கு என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் 1949 இல் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாடும் வகுப்பில் 10 பிள்ளைகள், பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் ஒரு ஆசிரியர் என்று ஆரம்பப் பள்ளிக்குத்தான் கணக்குப் போட்டது. சிறுபான்மை மொழிப் பிள்ளை என்றைக்காவது கல்லூரிக்குப் போகும் என்று அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை போலும்.

இத்தனைக்கும் இந்த ஊர்க் கல்லூரிக்குத் தமிழ் அந்நியம் அல்ல. தமிழ்நாடு முழுவதும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய சுந்தரம் பிள்ளை, இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரி மகாராஜா கல்லூரியாக இருந்த நாளில் அங்கே தத்துவம் போதித்தவர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைய அழகப்பச் செட்டியார் ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார், வையாபுரிப் பிள்ளை அங்கே பேராசிரியராக இருந்தார், அதே துறையில் பணியாற்றிய வ. அய். சுப்பிரமணியம் பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். உச்சியில் கோபுரம் இருக்கிறது. ஏறிப் போக இடையில் படி இல்லை.

இரண்டாவது பள்ளம் சாதிச் சான்றிதழ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சங்கத்துக்கு வரும் விண்ணப்பங்களில் இதற்குத்தான் கண்ணீர் அதிகம். பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 ஆம் தேதியிட்டது. அந்தத் தேதியில் உன் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அந்த மாநிலத்தில்தான் நீ பட்டியல் சாதி. 1990 இல் பம்பாய் மருத்துவக் கல்லூரி இடம் சம்பந்தமான மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது. 2018 இல் அரசியல் சாசன அமர்வும் அதே கொள்கையை ஏற்றது. ஆக, பறையர், பள்ளர், சக்கிலியர் என்ற பெயர்கள் கேரளப் பட்டியலிலும் இருக்கின்றன, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனாலும் 1950 க்குப் பிறகு எல்லை தாண்டிய குடும்பத்தின் பேரப்பிள்ளை இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே ஓட்டுப் போட்டும் இங்கே பட்டியல் சாதி அல்ல. சேரியில் குடியிருக்கும்போது சாதி கூடவே வருகிறது. ஸ்காலர்ஷிப் மனுவில் மட்டும் அது எல்லையிலேயே நின்றுவிடுகிறது!

1950 க்கு முன்பே வந்தவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். தோட்டி வேலைக்கும் சுமை வேலைக்கும் வந்த தாத்தா பத்திரம் எழுதிக்கொண்டா வந்தார்? பெயர் வேண்டாம், ஒரு பெண்ணின் கதை: பி.காம். சேர்ந்தாள். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து நகரசுத்தி வேலைக்கு வந்தவர். எந்த வருடம் என்பதற்குப் பாட்டியின் ஞாபகமே சாட்சி. ஓர் அலுவலகம் அவளை இன்னொன்றுக்கு அனுப்பியது, அது கிராமத்து வில்லேஜ் ஆபீசரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னது, அவர் இவர்கள் இங்கே இல்லையே என்றார். இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை வரவில்லை. கல்லூரியில் பீஸ் பாக்கி. மூன்றாவது செமஸ்டரில் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். தேர்வில் தோற்றவள் அல்ல அவள். முதல் வருட மதிப்பெண்ணை நாம் பார்த்தோம், நல்ல மதிப்பெண். பட்டியல் மாணவருக்கான மெட்ரிக் பிந்திய உதவித்தொகை இந்தியாவில் தொடங்கியது 1944 இல். எண்பது வருடத்துக்குப் பிறகும் பணம் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, நடுவில் ஒரு தாள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 க்கு முன் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். அகஸ்தீஸ்வரத்திலிருந்தும் கல்குளத்திலிருந்தும் ஆரியசாலைக்கு வந்தவன் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரவில்லை; பக்கத்துத் தாலுகாவிலிருந்து தலைநகருக்கு வந்தான். மார்ஷல் நேசமணி காலத்துப் போராட்டத்தின் பயனாகத் தெற்குத் தாலுகாக்கள் தமிழகம் சேர்ந்தன. அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் கோடு விழுந்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவனை வந்தேறி என்று எழுதுவது எந்த நியாயம்? ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி அம்மன் எல்லை தாண்டி வருகிறாள். களியக்காவிளையில் வரவேற்பு, போலீஸ் மரியாதை. கூட வரும் வேளிமலைக் குமாரசுவாமி நம் ஆரியசாலைக் கோவிலில்தான் தங்குகிறார். கல்வித் தெய்வத்திடம் 1950 இல் எங்கே இருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை!

மூணாறு, பீர்மேட்டுத் தோட்டங்களில் நிலைமை வேறு விதமாகக் கொடியது. அங்கே லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கும்வரைதான் கூரை. அம்மா ஓய்வு பெறும் வருடமும் மகன் கல்லூரி இரண்டாம் வருடமும் ஒன்றாக வந்தால், மகன் எதைத் தேர்ந்தெடுப்பான்? 2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்று மூணாற்றுத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தெருவில் உட்கார்ந்தபோது போனசும் கூலியும் மட்டுமா கேட்டார்கள்? பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை என்பதும் அந்தக் குமுறலில் இருந்தது. 2018 மழையில் மண் சரிந்து மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடமே போயிற்று. வசதி கொஞ்சம் உள்ளவர்கள் போடிக்கும் உத்தமபாளையத்துக்கும் மலையிறங்கிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

நம் ஊரிலிருந்தும் அப்படித்தான். திருவனந்தபுரம் நாகர்கோவில் ரெயில் பாதை 1979 இல் திறந்தது. அன்று முதல் அந்தக் கோட்டைச் சேர்ந்த பிள்ளைகள் நாகர்கோவில் கல்லூரிகளுக்குப் போய் வருகிறார்கள். சுந்தரம் பிள்ளை பாடம் சொன்னது இங்கே. அவர் பெயரில் 1990 இல் பல்கலைக்கழகம் வந்தது திருநெல்வேலியில். ஒரு தகவல், பெற்றோர் குறித்துக்கொள்ளவும்: பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரையும், ஆண் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ வரையும், வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட்டை ரெயில்வே கட்டணமின்றித் தருகிறது. கல்லூரிச் சான்றிதழோடு கவுன்டரில் கேட்க வேண்டும். கேட்காதவர்களே அதிகம்.

ஆனால் எல்லை தாண்டிப் படித்தால் வேறொரு பள்ளம். தமிழ்நாட்டு அரசு 2022 இல் புதுமைப் பெண் திட்டமும், 2024 இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் கொண்டுவந்தது. உயர்கல்வி படிக்கும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். பிள்ளை படிப்பை நடுவில் விடாமல் இருக்க இதைவிட நேரான வழி இல்லை, மனமாரப் பாராட்டுகிறோம். நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிறகு சேர்க்கப்பட்டவை அங்குள்ள அரசு உதவிபெறும் பள்ளிகள். கேரள அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், தமிழ்ப் புத்தகத்தை வைத்துப் படித்து நாகர்கோவில் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு இல்லை. இங்கே தமிழன் என்று விலக்கு. அங்கே கேரளத்துக்காரன் என்று விலக்கு. அயலகத் தமிழர் என்று சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் கை நீட்டும் சென்னை, களியக்காவிளைக்கு ஒரு கிலோமீட்டர் அப்பால் இருப்பவனையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவவும் முடியாது. சாலைக் கம்போளத்து முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாவும் சங்கத்துக்கு நன்கொடையும் தருபவர்கள். கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லூரிப் பையனை மாலை நேர வேலைக்கு எடுக்கிறீர்கள், உதவிதான். ஓண வியாபாரம் வந்ததும் "பத்து நாள் முழுசா நில்லுடா" என்கிறீர்கள். பத்து நாள் இருபது நாள் ஆகிறது. வருகைப்பதிவு போகிறது, அகமதிப்பீட்டு மதிப்பெண் போகிறது, கடைசியில் பையனே போகிறான், நிரந்தரமாக உங்கள் கல்லாவுக்கு. அண்ணாச்சி, உங்கள் மகனை ஓணத்துக்குக் கல்லூரியிலிருந்து நிறுத்துவீர்களா? 2024 முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுப் படிப்பு வந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், அதற்கு 133 கிரெடிட் சேர்ந்திருக்க வேண்டும். கடையில் நின்ற நாளுக்குக் கிரெடிட் தர மாட்டார்கள்.

நம்மைப் போன்ற நிலையில் உள்ளவர்கள் உலகத்தில் வேறெங்கும் இல்லையா? அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவர் இருக்கிறார்கள். பாதிப் பேர் கதை நம் கதைதான்: 1848 இல் மெக்சிகோவின் பெரும் பகுதி அமெரிக்கா வசமானபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் சிலர், பிறகு கூலி வேலை தேடி வந்தவர்கள் பலர். அவர்கள் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாகக் கல்லூரியில் சேர்கிறார்கள். ஆனால் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் பட்டம் உள்ளவர் ஐந்தில் ஒருவர்தான்; வெள்ளையரில் ஐந்தில் இருவருக்கும் மேல். அந்த நாட்டுக் கணக்கெடுப்பில் நமக்கு இல்லாத ஒரு கட்டம் இருக்கிறது: "கல்லூரி கொஞ்சம் உண்டு, பட்டம் இல்லை" என்று தனியாக எண்ணுகிறார்கள். எண்ணியதால் கேள்வி வந்தது; கேள்வி வந்ததால் சில இடங்களில் வழியும் வந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 இல் ஒரு திட்டம் தொடங்கியது. பிள்ளைக்குப் பஸ் ரெயில் பாஸ், பாடப் புத்தகம், பீஸில் விழும் துண்டு, அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்க ஒரு ஆலோசகர். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அதில் சேர்ந்த பிள்ளைகளில் மூன்றாண்டில் இரண்டு வருடப் பட்டம் முடித்தவர் 100 க்கு 40 பேர், சேராதவர்களில் 22. அதே நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் கேட்டு வாங்கிய இருமொழிக் கல்லூரி, ஓஸ்தோஸ் கல்லூரி, 1968 இல் நிறுவப்பட்டது. 1976 இல் நகரத்திடம் பணம் இல்லை என்று அதை மூடப் பார்த்தார்கள். மாணவர், ஆசிரியர், அக்கம்பக்கத்து ஜனம் எல்லோரும் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். கல்லூரி இன்றும் நடக்கிறது.

ஆகவே நாம் கேட்பது இது. கேரளப் பல்கலைக்கழகங்கள் மொழிச் சிறுபான்மை மாணவரில் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் வருடத்தில் இணைப்பு வகுப்பு நடத்த வேண்டும். சாதிச் சான்றிதழுக்குப் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, நகரசபைச் சம்பளப் பட்டியல், தோட்டத்துப் பதிவேடு இவற்றைச் சாட்சியாக ஏற்க வேண்டும். விசாரணை முடியும்வரை பீஸ் கேட்டு மாணவரை வெளியேற்றக் கூடாது. தமிழ்நாட்டு அரசு தன் மாதாந்திர உதவியைக் கேரளத்துத் தமிழ் வழி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நீட்ட வேண்டும். தலைமைச் செயலகத்துக்கான மனுவைத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். 1969 ஆம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். பதில் வந்ததும் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம். வராவிட்டால் வரவில்லை என்று மாதாமாதம் அச்சிடுவோம்.

சங்கம் ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கிறது. கல்லூரியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்; செமஸ்டருக்கு ஒரு வரி. சப்ளிமென்டரிக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு சிறு நிதியும் தொடங்குகிறோம்; முதலாளிமார்கள் கோபம் தணிந்ததும் அதற்கு உதவலாம். வருகிற ஞாயிறு மாலை 5 மணியிலிருந்து சங்க அறை திறந்திருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டுமல்ல, இடையில் நின்றவர்கள், தாள் பாக்கி உள்ளவர்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் வரலாம். மார்க் லிஸ்ட், பழைய ஹால் டிக்கெட், தாத்தா காலத்து ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எது இருந்தாலும் எடுத்து வரவும். அப்பா அம்மா வர முடியாவிட்டால் அக்காவோ சித்தப்பாவோ வந்தாலும் போதும்.